இரண்டு மாடி உயர ஹால்: கீழிருந்து யோசியுங்கள், மேலிருந்து வேலையைத் தொடங்குங்கள்

கூரை இருபது அடி உயரத்தில் இருக்கும் ஹாலுக்குள் நுழைகிற யாரும் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். அந்தப் பார்வை அரை நிமிடம்கூட நீடிக்காது. அப்புறம் உட்கார இடம் தேடுவார்கள், பேசத் தொடங்குவார்கள். அந்த அறை உண்மையிலேயே நன்றாக இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியவரும். பேசுவது எதிரொலித்துக் குழம்புகிறது, எதிர் சோபாவில் இருப்பவரிடம் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது, மேலிருந்து விளக்கு கண்ணில் அடிக்கிறது என்றால், எவ்வளவு விலை உயர்ந்த சாண்ட்லியர் தொங்கினாலும் அங்கே பத்து நிமிடத்துக்கு மேல் யாரும் உட்கார மாட்டார்கள்.

அதனால் இந்த மாதிரி ஹாலை இரண்டு அறைகளாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன். தரையிலிருந்து ஒன்பது அடி வரை மனிதர்கள் புழங்கும் அறை. அதற்கு மேலே இருப்பது வெளிச்சத்துக்கும் காற்றுக்குமான அறை. பணம், பொருள், கைவேலை, நுணுக்கம் எல்லாவற்றையும் கீழே கொட்டுங்கள். மேலே அடக்கி வாசியுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கூரையில் அடுக்கடுக்காக ஃபால்ஸ் சீலிங், சுவர் முழுக்கப் பளிங்கு, நடுவில் பெரிய சாண்ட்லியர் என்று மேலேயே பட்ஜெட் கரைந்துவிடும். கீழே வைக்கிற சோபாவுக்கும் விரிப்புக்கும் கை சுருங்கும். ஹோட்டல் முகப்பு மாதிரி இருக்கும், வீடு மாதிரி இருக்காது.

யோசிப்பது கீழிருந்து என்றாலும் வேலை நடப்பது மேலிருந்துதான். சாரம் கட்டியிருக்கும்போது மேலே முடிக்காத எதையும் பிறகு செய்ய வேண்டுமென்றால் திரும்பவும் சாரம் கட்ட வேண்டும், கீழே போட்ட தரையையும் சாமான்களையும் மூட வேண்டும். ஆகவே எல்லா முடிவையும் சாரம் இறங்கும் முன்பே எடுத்துவிட வேண்டும்.

அளவு எடுக்கும்போது பார்க்க வேண்டியது

நீளம், அகலம், உயரம் மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு உயரத்தை அகலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தட்டையான கூரை உள்ள அறையில் உயரம் அகலத்துக்குச் சமமாக இருக்கலாம் என்று 16ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஆண்ட்ரியா பல்லாடியோ ஒரு கணக்குச் சொன்னார். இன்றைக்கும் அது நல்ல அளவுகோல். இருபதுக்கு இருபத்தைந்து அடி ஹாலில் கூரை இருபது அடியில் இருந்தால் கண்ணுக்குச் சரியாகவே இருக்கும். பதினான்கு அடி அகல ஹாலில் அதே இருபது அடி உயரம் என்றால், கிணற்றுக்குள் நின்று மேலே பார்க்கிற உணர்வு வந்துவிடும்.

அப்படிப்பட்ட ஹாலில் கூரையைச் சுவரைவிடக் கொஞ்சம் அழுத்தமான நிறத்துக்குக் கொண்டுபோங்கள், அல்லது மரப்பலகை அடியுங்கள். கூரை ஒரு படி கீழே இறங்கி வந்தது போலத் தெரியும். செங்குத்துக் கோடுகளைத் தவிருங்கள். ஒல்லியான நீளப் பலகைகள், தரையிலிருந்து கூரைவரை போகும் பட்டைகள் எல்லாம் ஏற்கெனவே நீண்டிருக்கும் சுவரை இன்னும் இழுத்துவிடும். அகலம் தாராளமாக உள்ள ஹாலில் இந்தக் கவலை வேண்டாம், கூரையை வெளிர் நிறத்திலேயே விட்டுவிடலாம்.

நுழைவாயில் பக்கத்தையும் கவனியுங்கள். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் தான் கட்டிய வீடுகளில் வாசல் பகுதியைத் தாழ்வாக வைத்து, அங்கிருந்து உயரமான அறைக்குள் திறந்துவிடுவார். ஏழரை, எட்டு அடி உயரத்தில் கொஞ்சம் மங்கலான வெளிச்சத்தில் நடந்து வந்து சட்டென்று இருபது அடிக்குள் காலெடுத்து வைக்கும்போது அந்த உயரத்துக்கு இருக்கிற வலிமையே தனி. வாசல் பகுதியில் ஃபால்ஸ் சீலிங்கை இறக்க இதைவிட நல்ல காரணம் இல்லை.

ஒரு கிடைக்கோடு

இதுதான் என் கணக்கில் மொத்த வேலையிலும் முக்கியமானது. இருபது அடிச் சுவர் வெறுமையாக நின்றால் அதன் அளவைக் கண்ணால் பிடிக்க முடியாது, பக்கத்தில் வைத்த சோபா பொம்மை மாதிரி ஆகிவிடும். எட்டு முதல் பத்து அடிக்குள் ஒரு கிடைக்கோடு ஓடினால் கண் அங்கே தங்கும், கீழே இருப்பது ஒரு சாதாரண அறையின் அளவுக்கு வந்துவிடும்.

அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம், வீட்டிலேயே இருக்கும். முதல் மாடித் தளத்தின் விளிம்பு, கீழ் ஜன்னலின் மேல் விளிம்பு, கதவுச் சட்டத்தின் உச்சி, இவற்றில் எது அதிக நீளத்துக்கு ஓடுகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு மற்ற எல்லாவற்றையும் அதற்கு இழுத்து வாருங்கள். பலகை வேலை அந்தக் கோட்டில் முடியட்டும், புத்தக அலமாரியின் உச்சி அங்கே வரட்டும், கதவுகளை அதுவரை உயர்த்தலாம், சுவர் நிறம் அங்கே மாறலாம். ஒன்று எட்டு அடி மூன்று அங்குலம், இன்னொன்று எட்டரை அடி, ஏசி அதற்கும் கொஞ்சம் மேலே என்று விட்டீர்களானால் சுவர் முழுக்கத் துண்டு துண்டாகத் தெரியும். பிளான் வரையும்போதே ஒவ்வொரு சுவரையும் தனித்தனியாக நேர் எதிரே நின்று பார்ப்பது போல வரையச் சொல்லி, அந்தக் கோட்டைச் சிவப்பு மையில் போட்டு, ஸ்விட்ச் பெட்டி, ஏசி, திரைக்கம்பி எது அதை வெட்டுகிறது என்று பாருங்கள். ஒரு மணி நேர வேலை, ஆனால் பின்னால் வரும் பல சண்டைகளைத் தவிர்க்கும்.

பொருளும் இந்தக் கோட்டுக்கு ஒத்துழைக்கும். பிளைவுட்டும் அதன்மேல் ஒட்டும் மெல்லிய மரத்தகடான வெனீரும் பெரும்பாலும் எட்டுக்கு நான்கு அடி அளவில்தான் வருகின்றன, அதனால் எட்டடியில் ஒரு ஒட்டு எப்படியும் விழும். அதை மறைக்கப் போராடாமல் அங்கேயே ஒரு பித்தளைப் பட்டையோ மரப் பீடிங்கோ ஓடவிட்டால் ஒட்டு வேலையாக இருந்தது வடிவமைப்பாக மாறிவிடும். பளிங்குக் கல்லும் இப்படித்தான். ஒரு ஸ்லாப் சுமார் 3 மீட்டர் நீளம் இருக்கும். ஆறு மீட்டர் சுவருக்கு நடுவில் ஒரு ஒட்டு வந்தே தீரும். இரண்டு ஸ்லாப்பையும் ஒரே பாளத்திலிருந்து அடுத்தடுத்து அறுத்தவையாக வாங்கி, கோலங்கள் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி வைத்தால் ஒட்டு தெரியாது, படம்தான் தெரியும்.

எடையை மறந்துவிடாதீர்கள். 20 மி.மீ. கனமுள்ள பளிங்கு சதுர மீட்டருக்குச் சுமார் 54 கிலோ. மனிதர்கள் உட்காரும் இடத்துக்கு மேலே அதைப் பசையை மட்டும் நம்பி ஒட்டக்கூடாது. சுவரில் துளையிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளாம்ப் போட்டுப் பிடிக்க வேண்டும், சுவர் அந்த எடையைத் தாங்குமா என்று ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரிடம் கேட்டுவிட வேண்டும். 6 மி.மீ. கனத்தில் வரும் பெரிய போர்சலின் பலகைகள் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு; மேல்பகுதிக்குக் கல் தோற்றம் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். உண்மையான கல்லைக் கை தொடும் உயரத்தில் போடுங்கள், அங்கேதான் அதன் குளிர்ச்சியும் வழவழப்பும் யாருக்காவது தெரியும்.

உட்காரும் இடம்

ஹால் பெரிது என்பதற்காகச் சோபாக்களைச் சுவரோரம் தள்ளிவிடாதீர்கள். முகம் பார்த்துச் சாதாரணக் குரலில் பேச எட்டு முதல் பத்து அடி இடைவெளிதான் சரி, அதற்கு மேல் போனால் பேச்சு அறிவிப்பாகிவிடும். சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே 16 முதல் 18 அங்குலம், நடந்து போகும் வழிக்கு மூன்று அடி. இந்த அளவுகளை வைத்து நடுவில் ஒரு சோபாக் கூட்டம் அமைத்துவிட்டு, சுவருக்கும் சோபா முதுகுக்கும் இடையில் மிஞ்சும் இடத்தை நடைபாதையாகவோ, ஜன்னலோரம் தனியாக ஒரு வாசிப்பு நாற்காலிக்காகவோ விடுங்கள். விரிப்பு பெரிதாக இருக்க வேண்டும். எல்லா இருக்கைகளின் முன்கால்களாவது அதன்மேல் நிற்க வேண்டும். சின்ன விரிப்பை டீப்பாய்க்கடியில் மட்டும் போட்டால் மொத்த ஹாலும் சிறுத்துப்போகும்.

சோபாவின் முதுகு கொஞ்சம் உயரமாக, கைப்பிடி கொஞ்சம் கனமாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். குட்டையான, மெல்லிய கால் வைத்த சோபாக்கள் தாழ்ந்த கூரை அறைகளுக்கு அழகு, இங்கே அமுங்கிப்போகும். ஆறு அடி உயர நிலைவிளக்கு, எட்டு பத்து அடிக்கு வளரும் ஒரு செடி, உயரமான அலமாரி என்று கண் ஏறிப்போக நடுவில் படிகள் வேண்டும். டிவியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மேலே ஏற்றாதீர்கள். சுவர் உயரம் என்பதால் கை தானாக மேலே போகும். உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டம் தரையிலிருந்து 42 அங்குலம் போலத்தான், திரையின் நடுப்பகுதி அதற்குப் பக்கத்தில் இருந்தால் கழுத்து வலிக்காது.

சத்தம்: யாரும் கேட்காத கேள்வி

இந்த மாதிரி ஹால்களில் வருகிற மிகப் பெரிய குறை எதிரொலிதான், ஆனால் அதைப் பற்றி வடிவமைப்பின்போது பேசுபவர்கள் மிகக் குறைவு. 1890களில் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இயற்பியலாளர், பேச்சே புரியாமல் குழம்பிய ஒரு வகுப்பறைக்குள் அரங்கத்து இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஒலி அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று இரவுகளில் அளந்தார். அவர் கண்டுபிடித்த கணக்கு நம் ஹாலுக்கும் அப்படியே பொருந்தும்: அறையின் கன அடியை 0.049ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் ஒலி அடங்கும் நேரம் விநாடியில் கிடைக்கும்.

இருபதுக்கு இருபத்தைந்து, இருபது அடி உயரம் என்றால் 10,000 கன அடி. தரை, கூரை, நான்கு சுவர் எல்லாம் சேர்த்து 2,800 சதுர அடி. பூச்சுச் சுவர், கண்ணாடி, கல் தரை இவையெல்லாம் தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு நாலு பங்கு போலத்தான் உறிஞ்சும், அதாவது ஒலியை முழுக்க உறிஞ்சும் பரப்பாக மாற்றிப் பார்த்தால் 112 சதுர அடிதான் தேறும். கணக்குப் போட்டால் நான்கு விநாடிக்கு மேல் வருகிறது. நான்கு விநாடி என்றால் நீங்கள் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும்போது அதன் முதல் சொல் இன்னும் அறையில் சுற்றிக்கொண்டிருக்கும். அதை ஒரு விநாடிக்குள்ளாவது கொண்டுவர 490 சதுர அடி உறிஞ்சு பரப்பு வேண்டும்.

எங்கிருந்து வரும்? நன்றாக மடிப்பு விட்டுத் தைத்த கனமான திரை 300 சதுர அடிச் சுவரை மூடினால் ஏறத்தாழ 150 கிடைக்கும். அடியில் மெத்தென்ற அடிவிரிப்பு வைத்த பத்துக்குப் பதினான்கு அடி விரிப்பு 50 போலத் தரும், துணி சோபாக்கள் இன்னொரு 50. தோல் சோபா இதில் பாதிகூடத் தராது என்பதையும் கணக்கில் வையுங்கள். ஏற்கெனவே உள்ள 112ஐயும் சேர்த்தால் 360. பாக்கி 130ஐக் கூரையிலும் மேல்சுவரிலும் ஒலி உறிஞ்சும் பலகைகளாகப் போட வேண்டும். துணி சுற்றிய பலகை, இடைவெளி விட்டு அடித்த மரச்சட்டங்களுக்குப் பின்னால் கருப்புக் கம்பளப் படலம், ஒலியை விடும் நுண்துளைப் பூச்சு என்று வழிகள் உண்டு, பார்ப்பவர்களுக்கு அது ஒலிக்கான வேலை என்றே தெரியாது. மேலே அடக்கி வாசிக்கச் சொன்னேன் அல்லவா, பணம் போட வேண்டிய ஒரே விஷயம் மேலே இதுதான்.

விளக்குகள்

கூரையில் பதிக்கும் சிறு விளக்குகளை மட்டும் நம்பினால் ஹால் இருட்டாகத்தான் இருக்கும். தூரம் இரண்டு மடங்கானால் ஒரு விளக்கிலிருந்து நேராக விழும் ஒளி கால்வாசியாகக் குறையும். பத்தடிக் கூரையில் நன்றாக எரிந்த அதே விளக்கு இருபதடியில் மங்கலாகத் தெரிவது இதனால்தான். மேலிருந்து வெளிச்சம் வேண்டுமென்றால் ஒளிக்கற்றையின் கோணம் குறுகியதாக வேண்டும். 60 டிகிரி விளக்கு இருபது அடி கீழே வரும்போது 23 அடி அகலத்துக்குச் சிதறிவிடும், 24 டிகிரி விளக்கு எட்டரை அடி வட்டத்தில் சோபாக் கூட்டத்தின்மேல் மட்டும் விழும். விளக்கு உள்ளே ஆழமாகப் பதிந்து, அதன் பிரகாசமான முகம் நேராகத் தெரியாதபடி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாய்ந்து உட்காருபவர்களுக்கு எரிச்சல். ஒளியின் நிறம் 2700 அல்லது 3000 கெல்வின், அதாவது இளமஞ்சள்; பொருள்களின் நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்று சொல்லும் சி.ஆர்.ஐ. 90க்கு மேல்.

மாலையில் நீங்கள் வாழப்போகும் வெளிச்சம் கீழே உள்ள விளக்குகளிலிருந்துதான் வர வேண்டும். மேசை விளக்குகள், நிலைவிளக்குகள், ஆறேழு அடி உயரத்தில் சுவர் விளக்குகள். இவற்றை எல்லாம் ஒரே ஸ்விட்சிலும், மேல் விளக்குகளை வேறு ஸ்விட்சிலும், மேல்சுவரை மெதுவாகத் தொடும் ஒளியை மூன்றாவதிலும் பிரித்து, எல்லாவற்றுக்கும் டிம்மர் போடுங்கள். மேல்பகுதியை முழு இருட்டில் விட்டுவிட்டால் தலைக்குமேல் ஒரு கருங்குழி நிற்கும்; மங்கலாக ஒரு சுவர் மட்டும் ஒளிர்ந்தால் போதும். சோபா நடு ஹாலில் இருப்பதால் தரையில் பிளக் பாயிண்ட் வேண்டும், தரை போடுவதற்கு முன்பே அதற்கான குழாயைப் பதித்துவிடுங்கள்.

சுவரை ஒட்டி மேலிருந்து கீழே வழியவிடும் ஒளி பார்க்க அழகு. ஆனால் அது பூச்சிலுள்ள ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் நிழல் போட்டுக் காட்டிக்கொடுக்கும். பகலில் சமமாகத் தெரிந்த சுவர் இரவில் அலை அலையாக நிற்கும். பட்டி பார்த்து முடித்ததும், பெயிண்ட் ஏறும் முன்பு, இருட்டிய பிறகு ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து நீளவாக்கில் அடித்துப் பாருங்கள். நிழல் விழும் இடங்களையெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டு, காலையில் திரும்பத் தேய்க்கச் சொல்லுங்கள். பெயிண்டும் பளபளப்பில்லாத மேட் வகையாக இருந்தால் இந்தக் குறைகள் அடங்கும்.

சாண்ட்லியருக்கு எல்லோரும் பயன்படுத்தும் ஒரு எளிய கணக்கு உண்டு: அறையின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் கூட்டினால் வரும் எண்ணே அங்குலத்தில் அதன் விட்டம். நம் ஹாலுக்கு 45 அங்குலம். உயரத்துக்குக் கூரையின் ஒவ்வொரு அடிக்கும் இரண்டரை முதல் மூன்று அங்குலம், அதாவது 50 முதல் 60 அங்குலம். நடக்கும் இடத்தில் அதன் அடி குறைந்தது ஏழடிக்கு மேலே இருக்க வேண்டும், ஆனால் இரண்டு மாடி ஹாலில் அது மாடித் தளத்தின் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றால்தான் கீழிருந்தும் மாடியிலிருந்தும் ஒருசேர நன்றாகத் தெரியும். தொங்கவிடும் இடம் சோபாக் கூட்டத்தின் நடுவே, கூரையின் நடுவே அல்ல. கொக்கியை ஃபால்ஸ் சீலிங்கில் மாட்டக்கூடாது, கான்கிரீட்டிலேயே பிடிக்க வேண்டும். துடைக்க, பல்பு மாற்ற மோட்டார் வைத்து இறக்கி ஏற்றும் வகை கிடைக்கிறது. சாண்ட்லியரில் கொஞ்சம் குறைத்துக்கொண்டாவது அதை வாங்குங்கள்.

திரை

திரைக்கம்பியைக் கூரைக்குப் பக்கத்திலேயே மாட்டி, தரை வரை தொங்கவிடுங்கள். பாதியில் நிறுத்திய திரை இந்த உயரத்தில் குட்டையான சட்டை மாதிரி இருக்கும். பன்னிரண்டு அடி ஜன்னலுக்கு மடிப்பு நன்றாக விழ இருபத்துநான்கு முதல் முப்பது அடி அகலத் துணி வேண்டும். நடுத்தரக் கனமான துணியே லைனிங் இல்லாமல் 15 கிலோவைத் தாண்டிவிடும், அதனால் கம்பிக்குப் பதில் மோட்டார் வைத்த ரெயிலும், அதைப் பிடிக்கச் சுவரில் வலுவான பிடிமானமும் தேவை. மோட்டாருக்கு மின்இணைப்பை ஒயரிங் நேரத்திலேயே மேலே கொண்டுபோங்கள், அதுதான் எப்போதும் விட்டுப்போகும்.

நீளமான துணி தொங்கத் தொங்கத் தன் எடையிலேயே இறங்கும், ஈரப்பதத்துக்கு ஏற்ப நீளம் மாறவும் செய்யும். கீழ்மடிப்பை ஊசி குத்தி மட்டும் வைத்து, ஓரிரு வாரம் தொங்கவிட்டு, பிறகு தைக்கச் சொல்லுங்கள். அவசரமாகத் தைத்தால் ஒரு மாதத்தில் தரையில் புரளும்.

காற்று

சூடான காற்று மேலே போகும், குளிர்ந்த காற்று கீழே தங்கும். வெயில் காலத்தில் இது உங்களுக்கு நல்லது, கீழே உள்ள ஒன்பதடியைக் குளிர்வித்தால் போதும். எனவே ஏசியின் காற்று வாயை நம் கிடைக்கோட்டின் உயரத்தில் சுவரில் வையுங்கள், இருபதடிக் கூரையில் வைக்காதீர்கள். மேலே இரண்டு ஜன்னலாவது ரிமோட்டில் திறக்கும்படி இருந்தால் மேலே சேரும் வெப்பம் மாலையில் தானாக வெளியேறிவிடும். குளிர் காலத்தில் இதே விதி எதிராகத் திரும்பும், சூடு முழுக்க மேலே போய் நிற்கும்; ஃபேனை எதிர்த்திசையில் மெதுவாக ஓடவிட்டால் அது சுவரோரமாகக் கீழே வரும்.

ஃபேன் இறக்கைகள் தரையிலிருந்து எட்டு ஒன்பதடியில் இருந்தால்தான் காற்று உடம்பில் படும், அதற்கு நீளமான ராடு வேண்டும். ராடு நீளமாக நீளமாக ஆட்டமும் கூடும், ஆகவே மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேனும் பாதுகாப்புக் கம்பியும் அவசியம். இறக்கைக்கு நேர் மேலே கூரை விளக்கு வரவே கூடாது. வெளிச்சம் வெட்டி வெட்டி விழுந்து தலைவலியைக் கொண்டுவரும்.

சாரம் இறங்கும் முன்

பெயிண்ட் கடைசிக் கோட் வரை மேலே முடிந்திருக்க வேண்டும். எல்.இ.டி. விளக்குகளுக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர்களை விளக்கோடு கூரையில் புதைக்காமல் மாடி வராந்தாவிலோ அலமாரியிலோ கை எட்டும் இடத்துக்கு இழுத்து வாருங்கள், ஏனென்றால் விளக்கைவிட டிரைவர்தான் பெரும்பாலும் முதலில் போகும். ஒவ்வொரு விளக்கையும் இரண்டு மூன்று இரவு தொடர்ந்து எரியவிட்டுப் பாருங்கள். திரை மோட்டார், ஜன்னல் மோட்டார், சாண்ட்லியர் இறக்கும் மோட்டார் எல்லாவற்றையும் பல தடவை ஓட்டிப் பாருங்கள். ஒட்டடையும் தூசியும் தங்கும் படிகள், குறுக்குக் கம்பிகள், அலங்கார மாடங்கள் மேலே இருக்கின்றனவா என்று சாரத்தில் நின்றே பாருங்கள்; துடைக்க வழி இல்லாததை அப்போதே எடுத்துவிடுங்கள். மேல்சுவரில் பிற்காலத்தில் ஓவியமோ நெசவோ மாட்டும் எண்ணம் இருந்தால், எங்கே என்று தெரியாவிட்டாலும், கூரையோரம் ஒரு மெல்லிய படம் மாட்டும் ரெயிலைப் பதித்துவிடுங்கள். அதிலிருந்து கம்பி விட்டு எதை வேண்டுமானாலும் இறக்கலாம்.

அதற்கப்புறம் மேல்சுவரைச் சில மாதங்கள் வெறுமையாகவே விடுங்கள். காலை வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, மாலையில் எங்கே நிழல் நிற்கிறது, நீங்கள் உண்மையில் எந்த இருக்கையில் உட்காருகிறீர்கள் என்பதெல்லாம் குடிபோன பிறகுதான் தெரியும். அது தெரிந்த பிறகு, அந்த இருக்கையிலிருந்து நிமிர்ந்தால் தெரிகிற சுவருக்கு ஒரே ஒரு பெரிய படைப்பை வாங்குங்கள்.